பூமாவுக்கு ஒரு தனி இலை

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கல்.

ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் அந்த வீட்டில், பங்குனி மாதத்தில் ஒரு நாள், ஆண்கள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். வீட்டின் மூத்த பிள்ளை ஸ்ரீனிவாசராகவன் சாற்றமுது சாதத்தை வாயில் போட்டு ஒரு கடி கடித்தார். 'கடக்' என்ற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்லை எடுத்து இலையின் ஓரத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தார். அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

அரிசியில் கல் பொறுக்குவது கடைசி நாட்டுப்பெண் பூமாவின் வேலை. மாமியார் ரங்கநாயகி அம்மாள் அன்று முழுக்க அவளை விடவில்லை.

"முறத்தைப் பாத்துண்டு பொறுக்கினியா, கோபுரத்தைப் பாத்துண்டு பொறுக்கினியாடி?"

பூமா முறத்தைத்தான் பார்த்தாள். ஆனால் கொஞ்ச நாளாகவே அவளுக்கு அரிசியும் கல்லும் ஒன்றாகத்தான் தெரிந்தன. கோபுரமும் பஞ்சுப்பொதி மாதிரிதான் தெரிந்தது. எல்லோருக்கும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்திருந்தாள். அவள் கணவன் சேஷு, வீட்டில் கடைசிப் பிள்ளை, திருச்சியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அவன்தான் டாக்டரிடம் அழைத்துப் போய்க் காட்டினான். மூக்குக் கண்ணாடி போட வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

"நாட்டுப்பொண்ணுக்கு மூக்குக் கண்ணாடியா? ஏண்டா, இவ என்ன கோர்ட்டுக்குப் போகப் போறாளா?" என்றாள் ரங்கநாயகி அம்மாள். ஆனால் மூத்த பிள்ளையின் பல் அதைவிடப் பெரிசு. போய்விட்டு வரச் சொன்னாள்.

கண்ணாடி தயாராகிவிட்டது என்று செய்தி வந்தபோது வைகாசி. கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. முதல் நாள் சாயங்காலம் கிணற்றடியில் பூமா தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தபோது சேஷு மெதுவாக வந்து நின்றான்.

"நாளைக்குக் கண்ணாடி வாங்கிண்டு வர மத்தியானம் ஆயிடும். நேரா விலாஸுக்குப் போயிடலாம்."

கயிறு கையிலிருந்து நழுவிக் குடம் கிணற்றுக்குள் தொப்பென்று விழுந்தது.

"என்னடி அங்கே சத்தம்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"குடம்மா!" என்று சேஷுதான் பதில் சொன்னான்.

விலாஸ் என்றால் தெப்பக்குளத்துக்கு எதிரே இருந்த ஹோட்டல். அதற்கு முன்னால் ஏதோ ஒரு தெய்வத்தின் பேர் உண்டு. சேஷுவுக்கு வெறும் விலாஸ்தான். வழக்கு நாட்களில் விடிந்ததும் கிளம்புகிறவன் மத்தியானம் அங்கேதான் சாப்பிடுவான். இது அம்மாவுக்குத் தெரியாது என்பது அவன் நம்பிக்கை. ஒரு தடவை அவள் மூக்கைச் சுளித்து, "என்னடா, வெங்காய வாசனை?" என்று கேட்டாள். வக்கீலாத்தில் பக்கோடா கொடுத்தார்கள் என்று சொல்லித் தப்பித்தான். அந்த வீட்டுக்குள் வெங்காயம் வந்ததே கிடையாது.

ஆனால் பூமாவிடம் விலாஸின் பெருமையை அவன் ஒளித்ததில்லை. அந்தச் சாம்பார் எப்படி இருக்கும், அதில் முழுசு முழுசாகச் சின்ன வெங்காயம் எப்படி மிதக்கும், ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தால் தொண்டையில் எப்படி இறங்கும். வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரும்போதுகூட, "நன்னாத்தான் இருந்தது. இருந்தாலும் விலாஸ் ரசம் ஒரு தினுசு" என்பான். சமைத்தவள் அவள். கோபம் வராதா? வந்தது. ஆனால் கோபத்தைவிட ஆச்சரியம் அதிகமாக வந்தது. அவள் திரும்பத் திரும்பக் கேட்டது சாம்பாரைப் பற்றி அல்ல.

"பரிமாறறவா வந்து, இன்னும் வேணுமான்னு கேப்பாளா?"

"கேக்காம? கேட்டுக் கேட்டுப் போடுவான்."

"சாதம் ஆவி பறக்கறாப்பல இருக்குமா?"

"கையை வைக்க முடியாது."

அவள் கேட்டதற்குக் காரணம் உண்டு. அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு வரிசை. முதலில் பெருமாள். பிறகு ஆண்கள், வயசுப்படி. பிறகு குழந்தைகள், அப்புறம் மாமியார், அதற்கப்புறம் நாட்டுப்பெண்கள். அவரவர் புருஷன் சாப்பிட்டு எழுந்த இலையிலேயே அவரவர் உட்கார வேண்டும். கடைசியில் உட்காருகிறவள் பூமா. அவள் உட்காரும்போது அடுப்பு அணைந்து ஆறிப்போயிருக்கும்; கறியமுது பாத்திரத்தில் தாளிதம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். தானே போட்டுக்கொண்டு, தானே சாப்பிட்டு, தானே எடுத்து எறிந்துவிட்டு இடத்தை மெழுகுவாள். அவள் அம்மாவும் அப்படித்தான் சாப்பிட்டாள். அதனால் அதை ஒரு குறையாக அவள் நினைத்ததில்லை. ஆனாலும் ஒரே ஒரு தடவை, தான் வடிக்காத சாதம் ஆவி பறக்கத் தன் முன்னால் வந்து விழ வேண்டும், யாராவது 'போதுமா?' என்று கேட்க வேண்டும் என்று ஆசை இருந்தது. அதை அவள் சேஷுவிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பான்.

மறுநாள் ஜட்காவில் காவேரிப் பாலத்தைத் தாண்டிப் பெரிய கடைவீதிக்குப் போனார்கள். கடைக்காரர் கண்ணாடியை அவள் காதில் மாட்டிவிட்டு, "வெளியில வந்து பாருங்கம்மா" என்றார். வெளியே வந்து நிமிர்ந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

மலைக்கோட்டை! இத்தனை நாளும் அது அவளுக்கு ஒரு பெரிய சாம்பல் மூட்டை. இப்போது பாறையில் மழை வழிந்த கறுப்புக் கோடுகள் தெரிந்தன. உச்சியில் மண்டபத் தூண்கள் தெரிந்தன. தூண்களுக்கு நடுவே ஒரு ஆள், எறும்பு மாதிரி, வேஷ்டியை உதறிக் கட்டிக்கொள்வதுகூடத் தெரிந்தது.

"ஏன்னா, அங்கே ஒருத்தர் வேஷ்டி கட்டிக்கறார்!"

"சத்தமாச் சொல்லாதே. கடைவீதியே திரும்பிப் பாக்கறது."

விலாஸுக்குள் நுழைந்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி. அதில் ஒரு பூமா, அதற்குள் இன்னொரு பூமா, எல்லோரும் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவளையே பார்த்தார்கள். தலைக்கு மேலே மின்சார விசிறி சுற்றிற்று. யாரும் கயிறு இழுக்கவில்லை, யாரும் விசிறவில்லை. ஆனால் காற்று கொட்டிற்று. மேஜைகள் சலவைக்கல். கோயில் பிரகாரத்தில் காலால் மிதிக்கவே யோசிக்கிற மாதிரியான கல்லின் மேல் இங்கே இலை போட்டுச் சாப்பிடுகிறார்கள். கல்லாவில் இருந்த முதலாளி எழுந்து நின்று, "வாங்கோ ஸார், வாங்கோ. பேமிலியா? உள்ளே ரூம் இருக்கு" என்றார். சேஷுவைப் பார்த்து ஒருவர் எழுந்து நின்றதைப் பூமா முதல் முதலாகப் பார்த்தாள். வீட்டில் எழுந்து நிற்பவன் எப்போதும் அவன்தான்.

பேமிலி ரூம் என்பது பலகைத் தடுப்புக்குள் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. சேஷு உட்கார்ந்தான். வேஷ்டியை முழங்காலுக்கு மேலே மடித்து வைத்த ஒரு சர்வர் வந்து, இரண்டு இலையை எதிரும் புதிருமாகப் போட்டு, தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். பூமா நின்றுகொண்டே இருந்தாள். சர்வர் கூட்டுக் கறிகளோடு திரும்பி வந்தபோதும் நின்றாள்.

"மாமி, உக்காருங்கோ."

"அவர் சாப்பிட்டு ஆகட்டும்" என்றாள் பூமா. பிறகு எதிரேயிருந்த இலையைக் காட்டி, "இதை எடுத்துடுங்கோ. இன்னும் யாரோ வராப்பலன்னு நினைச்சுப் போட்டுட்டேள். அவரோடதே போறும் எனக்கு" என்றாள்.

சர்வர் சேஷுவைப் பார்த்தார். சேஷு விசிறியைப் பார்த்தான். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"பூமா, இங்கே எல்லாம் அப்படி இல்லே. உக்காரு."

"நீங்க சாப்பிடறச்சேயா? உங்க எதிரேயா?"

"ஆமா. அது உன் இலை."

அவள் நாற்காலியின் நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடத் தயாராக உட்கார்ந்தாள். உன் இலை! நரம்பு கிழியாத, ஒரு பருக்கை படாத பச்சை இலை. தண்ணீர்த் துளிகள் அதில் உருண்டன. ஒவ்வொரு துளியிலும் ஒரு சின்ன விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடி இல்லாவிட்டால் இது தெரிந்திருக்காது.

சாதம் வந்தது. ஆவி பறந்தது. ஆவி அவள் புதுக் கண்ணாடியில் படிந்து, உலகமே ஒரு நிமிஷம் வெள்ளையாகப் போய்விட்டது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். சர்வர் நெய்யை ஊற்றினார். அது சாதத்தின் மேலேயே உருகி ஓடிற்று. பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணாத, நைவேத்தியம் ஆகாத சாதத்தை அவள் இதுவரை வாயில் வைத்ததில்லை. வடக்கே, அரங்கன் இருக்கும் திசையை உத்தேசமாகக் கண்டுபிடித்து, மனசாலேயே காட்டினாள். எடுத்து வாயில் போட்டாள். நாக்கு சுட்டது. கண்ணில் நீர் வந்தது. எத்தனை நாளாயிற்று நாக்கு சுட்டு!

அதே சமயத்தில் சேஷுவின் முகம் மாறிக்கொண்டிருந்தது.

சாதம் பாதி குழைந்து பாதி விறைத்திருந்தது. சாம்பாரை ஊற்றியதும் தண்ணீர் ஒரு பக்கமாக ஓட, பருப்பு இன்னொரு பக்கமாக நின்றது. கறியில் அடிப்பிடித்த வாடை. கூட்டில் உப்பு இல்லை. இல்லாத அந்த உப்பெல்லாம் ரசத்தில் இருந்தது. அப்பளத்தைத் தூக்கினால் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி தொங்கிற்று. எத்தனை நாள், எத்தனை பெருமை! அவன் பூமாவை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"என்னய்யா இது?" என்று சர்வரைக் கூப்பிட்டான். "இது சாம்பாரா?"

"சாம்பார்தான் ஸார்."

"நான் இங்கே எத்தனை நாளாச் சாப்பிடறேன்! மாஸ்டர் எங்கே?"

சர்வர் குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்குப் பெரிய முகூர்த்தம் ஸார். சரக்கு மாஸ்டர் சமையல்காராளைச் சேர்த்துண்டு உறையூர்லே கல்யாணத்துக்குப் போயிட்டார். காபி போடறவர்தான் இன்னிக்கு எல்லாம் பண்ணினார்."

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ ஒருவர் குரல் கொடுத்தார்: "காபி போடறவரா? அதான் ரசம் டிகாக்‌ஷனாட்டம் இருக்கு!"

இன்னொரு குரல்: "அப்போ சாம்பார் இரண்டாம் டிகாக்‌ஷன்!"

சர்வருக்கும் ரோஷம் வந்தது. "கல்யாணத்துக்குக் கூப்பிடாதவா எல்லாம் இங்கே வந்து உக்காந்துண்டு சாப்பாட்டைப் பேசறா!" என்று தடுப்பைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு எழுந்தது.

சேஷு சிரிக்கவில்லை. இன்னொரு கவளம் எடுத்துப் போட்டான்.

'கடக்.'

வீட்டில் அண்ணா செய்தது போல இலையோரத்தில் வைக்க அவனுக்குப் பொறுமை இல்லை. கல்லை எடுத்துச் சலவைக்கல் மேஜையில் வைத்தான். "கல்லு!" என்றான். தடுப்புக்கு அந்தப் பக்கத்துக்காரர் காத்திருந்த மாதிரி, "மலைக்கோட்டை அடிவாரம் ஸார், இது கூடக் கிடைக்காட்டா எப்படி?" என்றார்.

"எழுந்திரு பூமா" என்றான் சேஷு. "போறும் மானம் போனது. போகலாம்." நாற்காலி பின்னால் நகர்ந்தது. அவன் எழுந்துவிட்டான்.

பூமாவின் இலையில் சாதம் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சாம்பாரில் ஒரு சின்ன வெங்காயம் முழுசாக, முத்து மாதிரி பளபளவென்று இருந்தது. அவள் இன்னும் அதைத் தொடவில்லை. ரசம் வர வேண்டும். மோர் வர வேண்டும். 'போதுமா?' என்று இன்னும் யாரும் கேட்கவில்லை. புருஷன் 'எழுந்திரு' என்று சொன்ன பிறகும் உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கம் அவள் பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. உடம்பு தானாகவே எழுந்திருக்கப் பார்த்தது. பாதி எழுந்தும்விட்டாள். எழுந்தால், இனி இந்த ஜன்மத்தில் அவன் அவளை இங்கே அழைத்து வரமாட்டான். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

அவள் மறுபடியும் உட்கார்ந்தாள். இந்தத் தடவை நாற்காலியின் நுனியில் அல்ல.

"நீங்க கை அலம்பிக்கோங்கோ. நான் சாப்பிட்டுட்டு வரேன்."

சேஷுவுக்குக் காது கேட்டது. அர்த்தம்தான் போய்ச் சேரவில்லை. "இதையா?"

"ஆமா."

"குத்திக் காட்டறியா? ஏதோ சொன்னேன், இன்னிக்கு இப்படி ஆயிடுத்து. அதுக்காக…"

"இல்லேன்னா." அவள் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சுடறது."

"சுட்டா? கல்லு இருக்குடி!"

"கல்லு இருந்தா இருக்கட்டும். பொறுக்கிப்பேன். இப்போதான் நன்னாத் தெரியறதே" என்று சொல்லி, விரலால் சாதத்தைப் பிரித்து ஒரு கல்லை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு வெங்காயத்தை எடுத்து வாயில் போட்டாள். ஒரு நிமிஷம் மூச்சை அடக்கிக்கொண்டு கடித்தாள். வீட்டுக்குள்ளேயே வரக்கூடாத வஸ்து இப்படித் தித்திக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

சேஷு நின்றான். கை எச்சில் காய்ந்துகொண்டிருந்தது. 'சுடறது' என்று அவள் சொன்னது எங்கேயோ போய் உறைத்தது. வீட்டில் தான் சாப்பிட்டு எழுந்த பிறகு அந்த இலை என்ன ஆகிறது என்று அவன் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அவன் எழுந்து போகிற நேரத்தில் குழம்புப் பாத்திரத்தில் கரண்டி அடியைத் தட்டுகிற சத்தம் கேட்பதுண்டு. அது என்ன சத்தம் என்று யோசித்ததில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தான்.

அவன் உட்கார்ந்ததைப் பார்த்தாள் பூமா. அவன் முகத்தை எதிரே வைத்துக்கொண்டு அவள் சாப்பிட்டதே இல்லை. குனிந்து பரிமாறும்போது உச்சிக்குடுமிதான் தெரியும். இப்போது புருவத்துக்கு மேலே ஒரு சின்னத் தழும்பு தெரிந்தது. இத்தனை வருஷம் அது அங்கேயே இருந்திருக்கிறது.

சர்வருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். உள்ளே போய், அப்போதே பொரித்த ஒரு அப்பளத்தைக் கையிலேயே கொண்டுவந்து அவள் இலையில் வைத்தார். அது நொறுங்குகிற சத்தம் தடுப்புக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

"எங்களுக்கு மட்டும் நமுத்தது, அங்கே மட்டும் மொறுமொறுப்பா?" என்றது குரல்.

"அவா சண்டை போடாம சாப்பிடறா. நீங்களும் வாயை மூடிண்டு சாப்பிடுங்கோ, போடறேன்" என்றார் சர்வர். பிறகு பூமாவிடம் திரும்பி, "மாமிக்கு இன்னும் கொஞ்சம் சாதம்?" என்றார்.

இந்தக் கேள்வியை அவள் ஆயிரம் தடவை மற்றவர்களைக் கேட்டிருக்கிறாள். கேட்கப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். சர்வர் போட்டார். உப்புக் கரிக்கிற ரசத்தை ஊற்றினார். உலகத்தில் இவ்வளவு மோசமான ரசத்தை அவள் குடித்ததில்லை. அதை ருசித்து, ஆச்சரியப்பட்டு, கடைசி வரை சாப்பிட்டாள். மோருக்கு அவர் வந்து கேட்டபோது, "போடுங்கோ. இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்று தெளிவாக, தடுப்புக்கு அப்பாலும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

எழுந்ததும் இலையைச் சுருட்டப் போனாள். "விடுங்கோ மாமி, அதுக்கு ஆள் இருக்கு" என்றார் சர்வர். தன் எச்சிலை இன்னொருவர் எடுப்பதாவது! வாசல் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். நிலைக்கண்ணாடியில் எல்லாப் பூமாக்களும் அப்படியே திரும்பிப் பார்த்தார்கள்.

பாலத்தின் மேல் ஜட்கா போகும்போது, "மாஸ்டர் இருந்திருந்தா…" என்று சேஷு ஆரம்பித்தான்.

"அவர் இருக்கறச்சே இன்னொரு நாள் போனாப் போச்சு" என்றாள் பூமா. கீழே காவேரியில் மணல் திட்டுகளுக்கு நடுவே தண்ணீர் மெல்லிசாக ஓடிற்று. மணல் ஒவ்வொன்றாகத் தெரிகிற மாதிரி அவளுக்கு ஒரு பிரமை.

வீட்டில், கடையிலேயே நேரமாகிவிட்டது, வாழைப்பழம் வாங்கிச் சாப்பிட்டோம் என்று சேஷு சொன்னான். ரங்கநாயகி அம்மாள் கண்ணாடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். இருவர் அருகிலும் வந்து ஒரு தடவை மூச்சை இழுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் ஆண்கள் சாப்பிட்டு எழுந்தார்கள். எல்லா இலைகளும் வழக்கம்போலத் திறந்தபடி கிடந்தன. சேஷு எழுந்திருக்கவில்லை. தன் இலையைக் குறுக்கே மடித்தான். பிறகு அதைக் கையிலேயே எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தான்.

"ஏண்டா!" என்றாள் ரங்கநாயகி அம்மாள். "அதை ஏன் எடுத்துண்டு போறே? அவ எதுலே சாப்பிடுவா?"

சேஷு திரும்பிப் பார்க்காமல் சொன்னான்: "தனியா ஒண்ணு போட்டுக்கட்டும்மா."

ஸ்ரீனிவாசராகவன் கை அலம்பிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். மூத்த நாட்டுப்பெண் கரண்டியோடு நின்றுவிட்டாள். அடுப்படியில் இருந்த பூமாவுக்கு மாமியார் முகம் நன்றாகத் தெரிந்தது. கன்னத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிந்தது. அந்த முகம் கோபப்படப் போகிறது என்றுதான் நினைத்தாள். அது கோபப்படவில்லை. சேஷு போன கொல்லை வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"காபி கிளப்புப் பழக்கம்" என்றாள் ரங்கநாயகி அம்மாள் கடைசியில். "வெங்காயத்தோட நிக்கும்னு பாத்தேன்." அப்புறம் பூமா பக்கம் திரும்பி, "நிக்கறியே, கொல்லையிலே போய் ஒண்ணு நறுக்கிண்டு வா. நுனி இலையா நறுக்கிடாதே, அது ஆம்பளைகளுக்கு. உனக்கு நடு ஏடு போறும்" என்றாள்.

பூமா அரிவாள்மணையை விட்டுவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். சாதம் இன்றைக்கும் ஆறித்தான் இருந்தது, கறியமுதும் தீர்ந்துவிட்டிருந்தது. வாழை மரத்தடியில் நின்று நிமிர்ந்தாள். வெயிலில் இலைகள் நரம்பு நரம்பாகத் தெரிந்தன. எது நுனி, எது ஏடு என்பதில் அவளுக்கு இப்போது ஒரு சந்தேகமும் இல்லை.

நுனியைத்தான் நறுக்கினாள்.